விடுபட்ட வயல்

அன்புள்ள உங்களுக்கு,

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வெள்ளவத்தையில் இன்னும் மழைதான்.

உப்பு நிலத்துக்கென்று நீங்கள் ஆறு வருடம் பாடுபட்டு உருவாக்கிய நெல்லுக்கு இன்று எங்கள் விதைக் குழு அனுமதி கொடுக்க இருந்தது. உங்கள் அறிக்கையில் நான்கு பரிசோதனை வயல்கள்தான் இருந்தன. ஐந்தாவதான யோகராஜ் அண்ணையின் வயல் முழுவதும் கருகிப்போனதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அனுமதி கிடைத்தால் அவரைப் போல் எத்தனையோ பேர் அதை விதைப்பார்கள்.

கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நான் எழுந்து அதைச் சொல்லிவிட்டேன்.

"உங்கட மிஸ்டருக்கு இது தெரியுமா, மிஸ்?" என்று தலைவர் கேட்டார்.

"ஓம் சேர், தெரியும்."

அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த கிழமை உங்களை விசாரிப்பார்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

கோபத்தோடாவது வீட்டுக்கு வாருங்கள்.

உங்கள் மனைவி