உன் வண்டிக்கு அடியில் நான் தேடியது

சலவைக்காரர் இன்று காலை வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது போகாதுங்க, இனி மேல துண்டப் போட்டு மறைச்சுக்க வேண்டியதுதான்" என்றார். முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழே, உள்ளங்கை அகலக் கறை. முகர்ந்து பார்த்தேன். வெள்ளாவியில் வெந்த பிறகும் கியர் எண்ணெய் நாற்றம் இருந்தது. உன் உடலை எடுத்த அன்று போட்டிருந்த சட்டை. அந்தக் கறை எப்படி வந்தது என்று கொல்லங்கோட்டில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பு. உனக்காவது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உலகச் சண்டை முடிந்து கோயம்புத்தூரில் அமெரிக்க மிலிட்டரி லாரிகளை ஏலம் விட்டபோது, ஒரே மாதிரி இரண்டு வண்டிகளை எடுத்தோம். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. கல்லூரி முடித்தும் எனக்கு வேலை கிடைக்காத காலம். பெரிய உத்தியோகத்தில் இருந்த என் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை, அதை நான் இன்றுவரை மறக்கவும் இல்லை. நீ ஓட்டினாய், நான் பழுது பார்த்தேன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம்தான் எனக்கு வாத்தியார். ஒன்று ஓடினால் மற்றது படுத்துக் கிடக்கும். இரண்டும் சேர்ந்து ஓடிய நாட்கள் குறைவு.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்ததால், முன்னால் போகும் வண்டியைத் தாண்டி எதிரே வருவது உனக்குத் தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்து நான் 'போ' என்றால் முந்துவாய், 'இரு' என்றால் அடங்குவாய். கருப்பட்டி ஏற்றிக்கொண்டு பழனி, கம்பம் வழியாகக் கம்பம்மெட்டு ஏறுவோம், ஏலக்காயோடு இறங்குவோம். அந்த வளைவுகளில் ஒருமுறைகூட நீ என் சொல்லைச் சந்தேகப்பட்டதில்லை.

என் வண்டியின் கியர் பாக்ஸ் அடியில் விரிசல் விட்டபோது நானே வெல்டிங் வைத்துப் பற்றவைத்தேன். நான் செய்த முதல் பற்றவைப்பு அது. புழு நெளிந்த மாதிரி கோணலாக வந்தது. "இதென்னடா, ஆபரேசன் பண்ணுன வயிறாட்ட இருக்குது!" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் கேலி அப்போதெல்லாம் எனக்குச் சுடாது.

சுட்டது கம்பம்மெட்டு டீக்கடையில். ஏன் தாமதம் என்று எஸ்டேட் கணக்கர் கேட்டதற்கு நீ சொன்னாய்: "எங்க இஞ்சினியரு புஸ்தகத்தக் கடேசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடிக்கோணுமுங்க. அப்புறந்தான் வண்டி கெளம்பும்."

"பரீட்சை பாஸாயிட்டாரா?" என்றார் அவர்.

"பாஸாகி என்னுங்க பண்றது? என்ற லாரிக்கு அடியிலதானே படுத்துருக்கறாரு!"

கடையே சிரித்தது. ஊர் வந்து சேரும்வரை 'போ', 'இரு' தவிர நான் எதுவும் பேசவில்லை. வந்ததும் என் வண்டியைக் கட்டை மேல் ஏற்றி நிறுத்தினேன். "டேய், வெளையாட்டுக்குச் சொன்னன்டா" என்று வாசலில் வந்து நின்றாய். கதவைச் சாத்தினேன். ஒரு சிரிப்புக்கு அத்தனை வருஷப் பகை.

உன் கியர் பாக்ஸ் பல் உடைந்தபோது மறுபடி வந்தாய். என் வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். நான் செய்தித்தாளைக் கீழே இறக்கவில்லை. நீ திரும்பிப் போனாய். அப்புறம் நான் பாலக்காடு போயிருந்த நாளில் ஆளோடு வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டாய். சந்தையில் நாலு பேர் நடுவில் உன்னைத் திருடன் என்றேன்.

"கேட்டனில்ல? வேண்டாம்னு சொன்னியா?" என்றாய்.

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

காமாலையில் நீ போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு வந்தேன். உன் வீட்டுச் சந்தில் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பாடை திரும்ப இடமில்லை. ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. நீ எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவாய். உள்ளே ஏறிக் கியரை விடுவித்தால் போதும், அது எனக்குத் தெரியும். ஆனாலும், "அடியில் பார்க்க வேண்டும்" என்றேன். வெள்ளைச் சட்டையோடு எண்ணெய் ஒழுகிய மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன்.

நீ உள்ளே பச்சை ஓலையில் கிடந்தாய். நான் வெளியே, உன் வண்டிக்கு அடியில், இரும்பைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் அந்தக் கோணல் பற்றவைப்பு தட்டியது. என்னுடையதுதான். அந்த நொடியில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. சந்தோஷம்.

சக்கரத்தருகே இரண்டு கால்கள் தெரிந்தன. உன் மனைவி சரசு குனிந்தாள். அழுது வீங்கிய முகம்.

"கெடச்சுதுங்களாண்ணா?" என்றாள்.

"என்னம்மா?" என்றேன், தெரியாதவன் போல.

"அது உங்குளுதுதானுங்க. அவுரு ஒருநாளும் இல்லீன்னு சொல்லலீங்க. அவன் வந்து ஒரு வார்த்த கேட்டா அன்னைக்கே கழட்டிக் குடுத்துருவேன்னு சொல்லிட்டே இருந்தாருங்க. நீங்கதான் வரவேயில்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிச்சு வாங்க. அவுரு காத்துட்டிருக்கறாரு" என்றாள்.

வெளியே வந்து கியரை விடுவித்தேன். வண்டி நகர்ந்தது. ஒரு பெரியவர் என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பகைய மனசுல வெக்காம மண்ணுல படுத்து வேல பாத்தாரு பாருங்கப்பா. இதுதான் படிச்சவன் கொணம்." சரசு கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் இத்தனை கூசியிருக்காது.

போன வாரம் அவள் வண்டியை விற்றாள். கம்பம்மெட்டிலிருந்து வந்த ஆள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னா எடுத்துக்கிடுதேன் சார். பின்னால எவனும் இது என் சாமான், அது என் சாமான்னு வந்து நிக்கக் கூடாது பாத்துக்கிடுங்க" என்றான்.

"எல்லாம் அவனுடையதுதான்" என்றேன்.

சொல்லிவிட்டுச் சரசுவைப் பார்த்தேன். அவள் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நன்றி வேண்டும் என்றுதான் அதைச் சொன்னேனோ என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வண்டி கிளம்பியது. சந்து திரும்பும்போது அவன் கியர் மாற்றினான். பல் உரசாமல், ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்தது. இத்தனை வருஷமும் நீ அதை நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறாய். உனக்காக ஏதாவது தோன்றியிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்குள் ஒருவன், சத்தம் தேய்ந்து மறையும்வரை, 'என்னுடையது, என்னுடையது' என்று சொல்லிக்கொண்டே நின்றான். நீ போன பிறகும் அவன் போகவில்லை. உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.