பீட்ரூட் ரத்தமும் கடைசி பேட்டரியும்

அண்ணே, நேற்று பீட்ரூட் நறுக்கினேன். விரலெல்லாம் சிவந்ததும் தனியாக நின்று சிரித்துவிட்டேன். கொல்லிமலையில் நம்முடைய போர்முனை ஆஸ்பத்திரியில் ஓடிய ரத்தமெல்லாம் இதுதானே, மரவள்ளி மாவுக் கஞ்சியில் கலந்த பீட்ரூட் சாறு!

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் எடுத்த அந்த டிவி சிரிப்புத் தொடரைப் பற்றி யாராவது கேட்டால், நான் கதையைச் சொல்வதில்லை. திரைக்குப் பின்னால் நடந்ததைத்தான் சொல்வேன். ஹெலிகாப்டர் சத்தம் அரியூர் பக்கத்து மாவுமில்லில் பதிவு செய்தது. ஆபரேஷன் கூடாரம் மிளகு காயவைக்கிற தார்ப்பாய். டாக்டராக நடித்த உங்கள் ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு பக்கம் சைக்கிள் வால்டியூப். கேமரா பிடித்த எனக்குச் சிரிப்பை அடக்கியே தாடை வலித்துப்போனது.

கடைசி நாள் செத்த சிப்பாயாக ஸ்ட்ரெச்சரில் படுத்தவர் அந்த ஊர் விவசாயி ஒருவர். தூக்குப்போசியில் களி கொண்டுவந்த அவர் மனைவி, ரத்தக்கோலத்தில் அவரைப் பார்த்துப் போட்டார் ஒரு கூச்சல்! அவர் பதறி எழுந்த பிறகும் அந்த அம்மா சமாதானமாகவில்லை.

"செத்தவரா படுத்த மனுசனை அப்படியே எப்படீங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

"அதுக்கு எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க அம்மணி. செத்த மாதிரி நடிச்சவங்க எந்திரிச்சு கேமராவைப் பாத்துச் சிரிச்சுட்டா தோஷம் கழிஞ்சிரும்" என்றீர்கள்.

அன்றைக்கு மலையில் கரண்ட் இல்லை. பேட்டரி இன்னும் ஒரு ஷாட்டுக்குத்தான் தாங்கும். அது உங்கள் க்ளோசப்புக்காக வைத்திருந்தது, தொடரின் கடைசி வசனம். கண்ணாடி முன்னால் நின்று நீங்கள் எவ்வளவு ஒத்திகை பார்த்தீர்கள்! டைரக்டர் முறைத்தார். நீங்கள் அவர் பக்கமே திரும்பாமல் என்னிடம் சொன்னீர்கள்.

"இவர் சிரிக்கிறதை எடுப்பா. என் மூஞ்சியை சனங்க போதும் போதும்னு பாத்தாச்சு."

கேமரா ஓடியது. மனிதர் உம்மென்று நின்றார். பேட்டரி விளக்கு மினுக்க ஆரம்பித்துவிட்டது. நீங்கள் கேமராவில் படாமல் ஓரமாகப் போய், ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்குப்போசியில் வைத்துப் பார்த்தீர்கள்.

"துடிப்பு இருக்குதுங்க அம்மணி. களி பொழைச்சுக்கும்!"

முதலில் அந்த அம்மா சிரித்தார். அவரைப் பார்த்து வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் அந்தக் களியை நமக்கும் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

போன வருஷம் உங்களைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது, தொழில் புத்தி, நான் காத்துக்கொண்டே நின்றேன் அண்ணே. இதோ எழுந்து சிரிக்கப் போகிறார் என்று. எழவில்லை. நான் அழுதேன்.

பீட்ரூட்டை அப்படியே போட்டுவிட்டு நேற்று அந்த டேப்பை எடுத்து ஓடவிட்டேன். அதில் நீங்கள் எங்கேயும் தெரியவில்லை. ஆனால் விவசாயி சிரித்து ஓய்ந்த பிறகும் ஓரத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டுக்கொண்டே இருக்கிறது, பேட்டரி தீரும்வரை. உங்கள் சிரிப்பையும் நான் அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன் அண்ணே.