எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும்

கிர்கா,
திங்கட்கிழமை, நவம்பர் 10

அன்புள்ள ருவைதாவின் அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ருவைதாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. எனக்குத் தோள்வலி குறைந்திருக்கிறது. மற்றபடி வீட்டில் சொல்லும்படி குறை ஒன்றுமில்லை. நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், நிச்சயமில்லை.

உங்களோடு ஒரே அறையில் தங்கும் மஹ்ரூஸ் விடுமுறை முடிந்து புதன்கிழமை விமானம் ஏறுகிறார். அவரிடம் வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி பத்தும், காய்ந்த வெண்டைக்காயும், மிஷ் பாலாடைக்கட்டி ஒரு டப்பாவும் கொடுத்திருக்கிறேன். டப்பாவுக்கு மூன்று சுற்று துணி கட்டியிருக்கிறேன். போன தடவை போல விமானம் முழுக்க மணத்தது என்று அவர் வந்து புகார் சொன்னால் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் "சரி, சரி" என்று சொல்லிவிடுவேன், வைத்த பிறகுதான் எனக்குப் பதில் தோன்றும். அதனால் எழுதுகிறேன். கடைசி வரி வரைக்கும் படியுங்கள், பாதியில் மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள்.

விஷயம் உங்கள் கம்பெனியின் அந்தச் சின்ன லேப்டாப்தான். எங்கள் சுகாதார அலுவலகத்தில், வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைப் பார்க்கும் எங்களில் நான்கு பேரிடம் அதைக் கொடுத்து, எட்டு வாரம் புழங்கிப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். நான்கு பேரும் நன்று என்று எழுதினால் நானூறு வாங்குவார்கள். நானூறு வாங்கினால் உங்கள் கம்பெனி கிர்காவில் ஒரு ரிப்பேர் கடை திறந்து உங்களைப் பொறுப்பாக அனுப்பும். நான்கு வருஷமாக நீங்கள் வீட்டுக்குத் திரும்ப இப்படி ஒரு வழி வந்ததில்லை. இதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. முதல் நாளே எங்கள் இயக்குநரிடம் போய், என் கணவர் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு, ரிப்பேர்க்காரனைத் தேடி அலைய வேண்டாம்" என்றார்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எடை ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பழைய பதிவேடு இரண்டையும் தூக்கித் தூக்கித்தான் எனக்குத் தோள் போனது. இது என் கறுப்புக் கைப்பையில் ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே அடங்குகிறது. துக்துக் ஆட்டோவில் ஆறு பேரோடு நசுங்கிப் போகும்போதும் மடியில் கிடக்கிறது. காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குத் திரும்பும்போதும் கால்வாசி சார்ஜ் மிச்சமிருக்கும். காற்று இழுக்கும் ஓட்டை இல்லாததால் கரும்பு வெட்டும் தூசி உள்ளே போகவில்லை. இதையெல்லாம் அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன், கஞ்சத்தனம் பண்ணவில்லை.

இனி குறை. எழுத்தை அழிக்கும் பட்டனுக்கு ஒட்டினாற்போல் மெஷினை அணைக்கும் பட்டனை வைத்த மகராசன் யார்? உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஒரு எழுத்தை அழிக்கப்போய் முழுப் பெட்டியையும் மூன்று முறை அணைத்தேன். மூடியை ஒரு கையால் திறக்க முடிவதில்லை, அடிப்பாகமும் கூடவே எழுந்து வருகிறது. எனக்கு ஒரு கைதான் மிச்சம், மற்றதில் எப்போதும் யாராவது டீயைத் திணித்துவிடுகிறார்கள். சார்ஜர் கயிறு ஆட்டுக்குட்டி வால் நீளம். ஆனால் இதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடியவை. போன ஆண்டு வாங்கிய தையல் மெஷினுக்கு இதைவிட அதிகக் குறை சொன்னேன், அதில்தான் இப்போது ருவைதாவுக்குப் பள்ளிச் சட்டை தைக்கிறேன்.

திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்றத்து வெயிலில்கூட, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் என்று நீங்கள் போனில் பெருமையாகச் சொன்னீர்கள். உண்மைதான். அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. அதை வடிவமைத்தவர் நான் ஒரு மேஜையில் உட்கார்ந்து, எதிரே ஒருத்தியை உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன் என்று நினைத்திருப்பார். நம் ஊரில் அப்படி எதிரே உட்காரவைப்பது போலீஸ் ஸ்டேஷனில்தான். வீட்டுக்கு வந்தவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, தோள் உரச உட்காருவார்கள். மெஷின் என் மடியில் இருக்கும், மூன்று தலையும் அதற்குள் இருக்கும். "டாக்டரம்மா, இதுல சீரியல் வருமா?" என்று கேட்காத வீடு இல்லை. நான் டாக்டர் இல்லை என்று சொல்லுவதைப் போன வருஷமே நிறுத்திவிட்டேன்.

பதிவேடாக இருந்தபோது பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி என்றால் குழந்தை தள்ளிப்போக மூன்று மாத ஊசி. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். இந்த மெஷின் புள்ளியை ஒத்துக்கொள்வதில்லை. பெயரைத் தொட்டதும், போன தடவை என்ன நடந்தது என்று முழு வாக்கியமாக, பெரிய எழுத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

ராவியாவைப் பற்றி நான் போனில் பாதிதான் சொன்னேன். மூன்று பெண் குழந்தைகள், மூன்றாவது வயிற்றைக் கிழித்து எடுத்தது, இரண்டு வருஷத்துக்கு இன்னொன்று கூடாது என்று டாக்டர் சொன்னார். அவள் மாமியார் உம் ஸாபிர், அதுதான் ஸாபிரின் அம்மா, பேரன் வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பவள். அன்றைக்கு நான் போனபோது அவள் கீழே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என் வலப்பக்கம் ராவியா. இடப்பக்கம் அவள் நாத்தனார் இப்திசாம், டிப்ளமா படித்தவள். நான் பெயரைத் தொட்டேன். குழந்தை வேண்டாமென்று மூன்று மாத ஊசி போடப்பட்டது, அடுத்தது ஜனவரியில் என்று வந்து நின்றது. நான் மூடியில் கை வைப்பதற்குள் இப்திசாம், "ஏன் அண்ணி, ரத்தம் ஏறத்தானே ஊசின்னு அம்மாகிட்ட சொன்னே?" என்று கேட்டுவிட்டாள்.

உம் ஸாபிரின் கை அரிசியிலேயே நின்றது. "என்னடி எழுதியிருக்கு, சத்தமாப் படி" என்றாள். நான் மூடிவிட்டேன். மூடி என்ன பிரயோஜனம், படித்தவள் படித்துவிட்டாள். பிறகு அந்தக் கிழவி என்னைப் பார்த்து, "எம் பேரனை வயித்துலயே தடுத்துட்டு, எங் கையால டீ வாங்கிக் குடிச்சியே டாக்டரம்மா, அது எப்படித் தொண்டையில இறங்குச்சு?" என்று கேட்டாள். பாதி குடித்த டீயைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று மாலைக்குள் ராவியாவைக் கைக்குழந்தையோடு அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய பெண்கள் இரண்டையும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவள் கணவன் ஸாபிர் கெய்ரோவில் கட்டட வேலையில் இருக்கிறான். ஊசிக்குச் சம்மதித்தவனே அவன்தான், எனக்கு நேரில் தெரியும். இப்போது அம்மாவிடம் போனில், எனக்கு ஒன்றும் தெரியாது, அவளாகப் போட்டுக்கொண்டாள் என்று சொல்லிவிட்டான். ராவியா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இதில் பாதியை நான் சொன்னதற்கே நீங்கள், "அது மெஷின் தப்பில்ல ஸாப்ரீன், நீதான் திருப்பி வச்சிருக்கணும்" என்றீர்கள். என் தப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வார்த்தை எனக்கு வலித்தது, அதையும் மறுக்கவில்லை. பிறகு நீங்கள் அனுப்பிய கறுப்பு ஒட்டுத்தாளைத் திரையில் ஒட்டி நாலு நாள் பார்த்தேன். பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, வாஸ்தவம். முற்றத்து வெளிச்சத்தில் எனக்கும் தெரியவில்லை. தலை முக்காட்டை இழுத்து மெஷினையும் சேர்த்து மூடிக்கொண்டு படித்தேன். "பாருங்கடி, கல்யாணப் பொண்ணு வெக்கப்படுது" என்று சிரித்தார்கள். உள்ளறைக்குப் போனால் கரண்ட் இருக்காது, இருந்தாலும் மடியில் கொஞ்சம் சாய்ந்தால் எல்லாம் இருட்டு. ஐந்தாம் நாள் உரித்துப் போட்டேன்.

அதற்குள் சேதி பரவிவிட்டது. நாலு வீட்டில் கதவையே திறக்கவில்லை. திறந்த ஒருத்தி, "நீங்க வாங்க, அந்தப் பெட்டி வெளியிலயே இருக்கட்டும்" என்றாள். என் பழைய பதிவேட்டில் மொத்தம் நாற்பத்தோரு புள்ளிகள் இருக்கின்றன. நானூறு மெஷின் என்றால் என்னைப் போல் நானூறு பேர். எத்தனை புள்ளி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், நான் பெருக்கிப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை ராவியாவின் அப்பா வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டவில்லை. பெரியவள் பள்ளிக்குப் போகிறாளா, சின்னவளுக்குத் தலை வாரிவிடுகிறார்களா என்று கேட்டாள். ஜனவரி ஊசிக்கு வரமுடியாது என்றாள். கிளம்பும்போது என் பையைப் பார்த்து, "அக்கா, இன்னமும் அதத் தூக்கிட்டுதான் சுத்துறீங்களா?" என்று கேட்டாள்.

மற்ற மூன்று பேரும் நன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரித்தேன், மூவரும் அதை அலுவலக மேஜையில் வைத்துத்தான் அடித்திருக்கிறார்கள், வீடுகளுக்குப் பழையபடி காகிதம்தான். இயக்குநர் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து, "உன் புருஷன் விஷயமும் இருக்கு, உனக்குச் சங்கடம்னா எழுத வேண்டாம், வேற ஒருத்தியை எழுதச் சொல்றேன்" என்றார். யோசித்தேன். வேறொருத்தி என்றால் அவளும் மேஜையில் வைத்து நன்று என்று எழுதுவாள். என் கையில் கறையும் இருக்காது, நீங்களும் வந்துவிடுவீர்கள். இரண்டு நாள் அந்த யோசனையோடுதான் சமைத்தேன், துவைத்தேன். ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, மிகவும் ஆசையாக இருந்தது.

நேற்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எடை நன்று, சார்ஜ் நன்று, தூசிக்குத் தாங்கும், எங்கள் வேலைக்கு ஆகாது. ராவியாவின் பெயரைப் போடாமல், நடந்ததையும் எழுதினேன்.

ஆகவே கிர்காவில் கடை வராது. புதுவருஷத்துக்கு முன் நீங்கள் வரப்போவதுமில்லை. அந்தச் சேதியை உங்கள் மேனேஜர் வாயால் நீங்கள் கேட்கக்கூடாது, உங்கள் மனைவி செய்தது உங்கள் மனைவி சொல்லித்தான் தெரியவேண்டும். அப்பா பனிக்காலத்திலேயே வந்துவிடுவார் என்று ருவைதாவிடம் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அவளுக்கு இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட வந்த தைரியம் அதற்கு வரவில்லை.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு ஏக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அது குறைந்ததால்தான் இப்படிச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நீங்கள் என்மேல் கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் உடம்பையும் வேலையையும் காக்கட்டும். மஹ்ரூஸிடம் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம் வியாழக்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எப்போதும் கூப்பிடுவீர்கள். இந்த வெள்ளிக்கிழமையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
ஸாப்ரீன்