ஊதாத விசில்

ராஜபாளையம்
11.2.2025

என் ஸ்வீட்லினுக்கு,

போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் தபால். அத்தைக்கு இருமல் தேவலையா? நீ போனதிலிருந்து எனக்கு ஹோட்டல் சாப்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் அரையிறுதியில், ரெஃப்ரியாக நின்ற உன்னைப் பார்த்து, "ஏட்டி, ஒனக்கு ரூல் தெரியுமா?" என்று எல்லார் முன்னாலும் கத்தியது தப்புதான். ஆனால் நீயும் யோசி. நாங்கள் உதைத்த பந்துக்கு மதுரைப் பையன் உக்கிரபாண்டி கையைத் தூக்கினான். ஃபேர் கேட்ச் கேட்கிறான் என்று நம் பையன்கள் அவனை இடிக்காமல் நின்றுவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்த நீ விசில் ஊதவில்லை. அவன் பந்தோடு கடைசிக்கோடு வரை ஓடிவிட்டான். தோற்றது நான் கோச்சாக இருக்கும் அணி.

சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அன்றே கேட்டேன், மறுபடியும் கேட்கிறேன். 'தவறிவிட்டது' என்று ஒரு வரி எழுதிக் கொடு. மறு ஆட்டம் கிடைக்கும். என் மனைவி என்கிற உரிமையில்தானே கேட்கிறேன்.

ஜெபின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
15.2.2025

அன்புள்ள ஜெபினுக்கு,

அம்மாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. நம் வீட்டில் அரிசி இருக்கிறது, குக்கரும் இருக்கிறது.

வேறு ரெஃப்ரி வராதபோது, கோச்சின் மனைவி என்று தெரிந்தே மதுரைக்காரர்கள் என்னை ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

ஃபேர் கேட்ச் வேண்டுமென்றால் கையைத் தலைக்கு மேல் முழுசாக நீட்டி அசைக்க வேண்டும். அசைத்தால் அவனை யாரும் இடிக்கக் கூடாது. பிடித்த பிறகு அவனும் ஓடக் கூடாது. உக்கிரபாண்டி அசைக்கவில்லை. மலைப்பக்கத்து வெயில் நேராக முகத்தில் அடித்ததால் கண்ணுக்கு மறைவாகக் கை வைத்தான். அது சைகை ஆகாது. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

நீங்கள் கத்தியதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. பொய் எழுதச் சொன்னதற்காக வந்தேன். சங்கம் என் விசிலைப் பிடுங்கினாலும் எழுதித் தர மாட்டேன்.

ஸ்வீட்லின்


ராஜபாளையம்
24.2.2025

என் ஸ்வீட்லினுக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. "கோச் பொண்டாட்டிய உள்ள வச்சுக்கிட்டு விசாரிச்சா நல்லாருக்காது" என்று செயலாளர் ஐயாதுரை உன்னைக் கூப்பிடவில்லை. மதுரைக்காரர்கள் வீடியோ போட்டார்கள். உக்கிரபாண்டியின் கை நெற்றியோடு ஒட்டி நிற்கிறது, அசையவே இல்லை. நம் பையன்கள் அத்தனை பேரும் உன்னைப் பார்த்துக் கத்துகிறார்கள். நீ யாரையும் பார்க்காமல் பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறாய்.

"நீங்க என்னய்யா சொல்லுதிய?" என்று ஐயாதுரை கேட்டார்.

எழுந்து நின்றேன். "புகார வாபஸ் வாங்கிக்கிடுதேன். அவ ஊதாம இருந்ததுதான் சரி" என்றேன்.

முதலில் மதுரைக் கோச் கை தட்டினார். பொறவு எல்லாரும். நெல்லையில் நடக்கும் ஃபைனலுக்கு நீதான் தலைமை ரெஃப்ரி என்று அங்கேயே முடிவு செய்தார்கள். தோற்ற கோச் மாதிரியா வெளியே வந்தேன்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

நான் வந்து கூப்பிட்டால் வருவாயா?

ஜெபின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.2.2025

அன்புள்ள ஜெபினுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்புட்டுப் பேர் முன்னாடியா சொன்னாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். நானும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

சங்கத்து உத்தரவும் தொப்பியும் வந்துவிட்டன. தலைமை ரெஃப்ரியின் வெள்ளைத் தொப்பி இந்த முறை எனக்கு! கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

ஃபைனலுக்கு முன்னால் கூப்பிட வராதீர்கள். மதுரை அணி ஆடுகிறது. அவர்களிடம் தோற்ற கோச்சின் வீட்டிலிருந்து ரெஃப்ரி புறப்பட்டுப் போவது சரியில்லை. நெல்லைக்கு வந்து கேலரியில் உட்காருங்கள். என் தீர்ப்பு பிடிக்காவிட்டால் மற்றவர்களைப் போலக் கத்துங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ராஜபாளையம் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து இடம் பிடியுங்கள்.

உங்கள்
ஸ்வீட்லின்