துணி ஆறியதா என்று கேட்ட பெட்டி

அக்கா,

யாரும் நம்பப் போவதில்லை, ஆனாலும் முருகன் மேல் ஆணையாக ஒரு கதை சொல்கிறேன் என்றுதான் நேற்று தங்கச்சி மகளிடம் ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் முதலில் சாதித்த பெண்களைப் பற்றி அவள் பள்ளியில் பேச வேண்டுமாம். லேப்டாப்பைத் துடைக்க அவள் எடுத்த பழந்துணி, தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும் நம் கம்பெனி பனியன். எனக்கு நீங்கள்தான் கண்முன் நின்றீர்கள்.

கதையை எடுத்துவிட்டேன் பாருங்கள். நம் பனியன் ஊர் ராயபுரத்துக்கு முதல் கம்ப்யூட்டர் எட்டு மாடு பூட்டிய வண்டியில் வந்ததாம். நீங்கள் பொத்தானைத் தட்டியதும் காதர்பேட்டை முழுக்கக் கரண்ட் போனதாம். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூன்று வேளையும் இட்லியாம்.

பெட்டி வந்த புதிதில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான நான் உங்களை மதிக்கவே இல்லை. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நான் அரை நாள் போடும் அளவுக் கணக்கை, நீங்களே எழுதிய புரோகிராம் ஒரு டீ குடிப்பதற்குள் போட்டது. அதை எழுதுவதற்காக ஒரு வாரம் என் மேசையருகிலேயே நின்றீர்கள். ரோலில் இழுத்துச் சுற்றிய பின்னல் துணியைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட வேண்டும், அப்போதுதான் தன் அளவுக்குச் சுருங்கும் என்று நான்தான் பெரிய இவனாட்டம் சொன்னேன். மறுநாளே பெட்டி என்னிடம் கேட்டது, ஆங்கில எழுத்தில் கோத்த தமிழில்: துணி ஆறியதா? ஆமாம் என்று தட்டினால்தான் வெட்டும் அளவு அச்சாகும்.

"பெட்டிக்குக் கண்ணு இல்லீங்க மாஸ்டர். நீங்க சொல்றதத்தான் அது நம்பும்" என்றீர்கள்.

ஒரு சனிக்கிழமை என் சட்டைப் பையில் மேட்னி டிக்கெட் இருந்தது. துணி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆமாம் என்று தட்டிவிட்டு, வெட்டச் சொல்லிவிட்டு, சினிமாவுக்குப் போனேன்.

தைத்த பனியன் ஒன்றைத் துவைத்துப் பார்த்தார்கள். கிளிக்குப் போடலாம் போல இருந்தது. பொம்பளை கையில் பெட்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"மாஸ்டர், துணி ஆறுச்சுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

நீங்கள் அப்போதே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. உங்கள் புரோகிராமை மட்டும் கம்பெனி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அது என்னைக் கேட்டபடியே இருந்தது. போன மாதம் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். உங்கள் ஊட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிட்டேன்.

நேற்றுக் கதையில் எல்லாம் சொன்னேன், ஆனால் அந்த மாஸ்டர் மட்டும் யாரோ ஒருத்தன் என்று. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இதுல எதுங்க மாமா நெசம்?"

எதற்கும் சட்டென்று ஆமாம் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது, அக்கா. அந்தப் பனியனை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் விரித்தேன்.

"மாடு பொய், இட்லி பொய். ஆறாத துணிக்கு ஆமாம்னு தட்டுன மாஸ்டர் மட்டும் நெசம் கண்ணு. அது நாந்தான்."

அவள் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்து, அக்கா, உங்கள் பெயர் என்ன என்று என்னிடம் கேட்டாள்.