பலகைச் சுவர் இல்லாத கடை

பண்டாரவளை

அன்பு மகன் ஸப்வானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் உடம்புக்குச் சுகம். மனதுக்கு நான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. நீயும் மருமகள் ரிஸ்காவும் பேத்தி ஸல்மாவும் மெல்பர்னில் நலமாக இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன், உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் இந்த ஒரு கிழமையாக நாக்கு கொஞ்சம் தடுக்கிறது. கடிதமா என்று ஆச்சரியப்படாதே. போனில் நான் சத்தம் போட ஆரம்பித்தால் உம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு மகன் சாப்பிட்டீங்களா என்று கேட்கப் போய்விடுகிறாள், குடும்பக் குரூப்பில் எழுதினால் உன் சாச்சி லரீபா அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறாள். ஆகவே காகிதத்தில் திட்டுகிறேன். இங்கே நடுவில் புகுந்து தடுக்க ஆள் இல்லை, கடைசி வரை வாசி.

நாற்பது வயது ஆண்பிள்ளை தோட்டத்தில் தண்டவாளம் போட்டு விளையாட்டு ரயில் விடுகிறான் என்று கேள்விப்பட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளிநாட்டில் ஊர் உறவை விட்டு இருக்கிற பிள்ளை ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று உம்மா சொன்னாள், விட்டுவிட்டேன். தெமோதரை ஸ்டேஷனைச் செய்தாய், ரயில் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் நுழைகிற சுரங்கத்தையும் செய்தாய், ஏதோ ஒரு குட்டைச் செடியை மட்டமாகக் கத்தரித்துத் தேயிலை மலை என்றாய், பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பண்டாரவளைக் கடைத்தெருவில் கை வைத்தாய். பால்மா டின்னை வெட்டி நெளித்துக் கூரை, ஒட்டுப்பலகையில் சுவர், நம் புடவைக் கடைக்குள்ளே நகம் அளவில் மடித்து அடுக்கிய துணிகள், அதற்கு உன் பழைய சட்டைகளைக் கிழித்தாயாம், துணி அளக்கும் கோலுக்கு ஓர் ஊசி, கல்லா லாச்சிக்கு நெருப்புப்பெட்டி, மேலே கயிற்றில் தொங்கும் கம்பளிகள். இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்து, கூரையைக் கழற்றி மேலிருந்து வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டவனுக்கு, கடையின் நடுவில் ஒரு பலகைச் சுவர் நிற்பது மட்டும் மறந்துபோய்விட்டதா? நீ போன பிறகு வந்த சுவர் என்று சாக்குச் சொல்லாதே. விடுமுறைக்கு வந்தபோது அதில் நெற்றியை இடித்துக்கொண்டு கத்தியவன் நீதான்.

அந்தச் சுவர் ஏன் வந்தது என்பதை வேண்டுமென்றால் திரும்பவும் சொல்கிறேன், கேட்டுக்கொள். என் வாப்பா கண்ணை மூடி மௌத்தான பிறகு நானும் என் தம்பி மொஹிதீனும் ஒரே கல்லாவில்தான் இருந்தோம். உன் சாச்சாவுக்குத் தைத்த உடுப்பு விற்க ஆசை வந்தது. தலையில்லாப் பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி வாசலில் நிறுத்தினான், தோட்டத்து ஆட்கள் புடவை எடுக்க உள்ளே வர அந்தப் பொம்மைகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது. எடுக்கச் சொன்னேன். கடை நிறையச் சனம் நிற்கும்போது, கூடப்பிறந்த அண்ணனைப் பார்த்து, "நானா, ஒங்கட காலம் முடிஞ்சி" என்றான். அவனுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவன் நான், பெரகல மலைப்பாதையில் வாந்தி எடுத்தவனை முதுகில் தூக்கி வந்தவன் நான், என்னிடம் சொன்ன சொல் அது. மறுநாளே தச்சுவேலை தம்பையா பாஸைக் கூப்பிட்டுக் கடையை இரண்டாகப் பிரித்தேன். எட்டு வருடமாகிறது, அதற்குப் பிறகு அவனோடு நான் பேசியதில்லை. இது ஊருக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

இப்போது அவனுக்குச் சுவரை எடுக்க வேண்டுமாம். மகன் ஷுக்ரி கட்டாருக்குப் போய்விட்டான், இவனுக்குக் காலில் சீனி வியாதிப் புண், நாள் முழுக்கத் தனியாக நிற்க முடியவில்லை, ரெண்டு கெழடுக்கு எதுக்கு ரெண்டு கடை என்று பஸ் ஸ்டாண்ட் வரை பேசித் திரிகிறான். என் பக்கத்துக்கும் பொம்மைகளைக் கொண்டுவரப் பார்க்கிறான், எனக்குத் தெரியாதா? நான் முடியாது என்று ஆள் அனுப்பிச் சொன்னேன், அவன் விஷயத்தைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்விட்டான். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து தலைவர் றில்வான் ஹாஜியார் இருவரையும் உட்கார வைத்தார். நான் என் நியாயத்தைச் சொல்லி முடித்த கையோடு உன் சாச்சா போனை எடுத்து உன் வீடியோவைப் போட்டான். "பாருங்க ஹாஜியார், இவர்ட சொந்த மகனே சொவர் வெக்கல்ல. எங்கியோ ஈக்கிற புள்ளக்கி வெளங்குது, இவருக்கு வெளங்குதில்ல" என்றான், அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பள்ளியில் இருந்த அத்தனை பேரும் அந்தப் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். ஒருவர் கம்பளிகளைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்கிறார், இன்னொருவர் தன் கடையையும் செய்வாயா என்று கேட்கிறார். இது பிள்ளை விளையாட்டு, இதை ஒரு சாட்சி என்று எடுப்பீர்களா என்று நான் சத்தம் போட்டேன். றில்வான் ஹாஜியார் நிதானமாக, "செரி ஜௌபர், மகனுக்குக் கடைட அளவக் குடுத்த யாரு?" என்று கேட்டார்.

கொடுத்தது நான்தான். நோன்புக் காலத்தில் நீ போன் எடுத்து வாப்பா கடை அகலம் எவ்வளவு என்றாய், பதினெட்டு அடி என்றேன். என் பக்கம் ஒன்பது அடி. கடை என்றால் என் வாயில் பதினெட்டு என்றுதான் வருகிறது, சின்ன வயதிலிருந்து சொன்ன கணக்கு. கட்டிடம் கட்டுகிறவனுக்கு மூளை இருந்தால் எந்தப் பக்கத்து அளவு வாப்பா என்று ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டானா? நீ கேட்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் என் மானம் போனது. உன் சாச்சா சிரித்திருந்தால் பள்ளி என்றும் பார்க்காமல் அடித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை, போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன் நீ சுவரை வைத்து, கூரையைக் கழற்றி, அதேபோல மேலிருந்து வீடியோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை நிறுத்தி ஒட்டினால் போதும், பெயின்ட் அடிக்காதே, நம் சுவர் வெறும் அல்பீசியாப் பலகை. கூரை வரை கொண்டுபோகாதே, மேலே ஒரு முழக் கணக்குக்கு இடம் விட வேண்டும், கடைக்கு ஒரே பல்ப்தான், அதன் வெளிச்சம் இரண்டு பக்கத்துக்கும் போகிறது. ஸ்விட்ச் என் பக்கம். அவன் ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்கும் வரை நான் அணைப்பதில்லை, அந்தக் காலோடு இருட்டில் தடுக்கி விழுந்தானென்றால் பழி என் தலையில் விழும். பிறகு, நானும் அவனும் என்று கடைக்குள் நீ செய்து வைத்திருக்கிற அந்தக் களிமண் மனிதர்கள். உருவப் பொம்மை இருக்கிற இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று உம்மா கவலைப்படுகிறாள், அவளுக்கு நீ தனியாகப் பதில் சொல்லிக்கொள். என் வழக்கு வேறு. எனக்கு அவ்வளவு தொந்தி இல்லை, அவனுக்கு அவ்வளவு முடி இல்லை. இருவரையும் ஒரே வாங்குப் பலகையில் ஒட்ட வைத்து நடுவில் ஒரே ஒரு பிளேன்டீக் கோப்பையும் வைத்திருக்கிறாய், யாரைக் கேட்டு வைத்தாய்? கோப்பையை எடு. அவனைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூக்கி வை, நிற்க வைக்காதே, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வை.

இங்கே ஒரே மழை, பதுளை ரோட்டில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. உம்மாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் மாடிப்படி ஏற வேண்டாம் என்றார், கேட்கிறாளா? ஸல்மா போனில் என்னோடு இங்கிலீஷில் பேசுகிறாள், பொம்மைக் கடைக்குத் துணி மடிக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு நாலு வார்த்தை தமிழ் பழக்கு. மழைக்கு முன் உன் ரயிலை உள்ளே எடுத்து வை, துருப்பிடித்த பிறகு என்னிடம் புலம்பாதே.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், உனக்குக் கொஞ்சம் புத்தியும் சேர்த்துத் தரட்டும். பெருநாளைக்கு முன் சுவர், மறந்துவிடாதே. சுவரை எடுத்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சிபோகும் என்று உம்மா கேட்கிறாள், அவளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். எட்டு வருடத்துக்குப் பிறகு, நடுவில் ஒன்றும் இல்லாமல், காலையில் கடையைத் திறந்ததும் அவன் முகம் எனக்கு நேரே இருந்தால் முதல் வார்த்தையாக நான் என்ன சொல்வது? எனக்குப் பயமாக இருக்கிறது மகன். உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் சுவரை வை.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஜௌபர்