இரண்டு பேருக்கான ஸ்பிரிங்

மார்சிலிங், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விசாலாட்சிக்கு,

நான் சுகம். வண்டி என்னைவிடச் சுகம். நீயும் நிவேதிதாவும் மாப்பிள்ளையும் பேரன் ரித்திக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவதில்லை. உனக்குப் பின்னால் நின்று நம் மகள் பேசுகிறாள். கடிதத்தை நீ தனியாகப் படிக்கலாம்.

போன வாரமும் அவள்தான் பேசினாள். "அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா. அந்த பைக்கை வித்துட்டு நீங்களும் வந்துடுங்க. இந்த வயசுல எதுக்கு பைக்?" என்றாள். போன் திரையில் நீ குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டபோதெல்லாம் இப்படித்தான் எதையாவது ஆற்றிக்கொண்டிருந்தாய். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மறைக்கப் போவதில்லை.

சாங்கி விமான நிலையத்தில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். "உங்க வண்டி தலை குனியாம நிக்கப் பழகட்டும், அப்ப வரேன்" என்றாய். உன்னை அழைத்துப் போக வந்த மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அது நியாயமான குறை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கும், நீ சறுக்கி என் முதுகில் விழுவாய், உன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடிக்கும். தேக்கா சந்தையில் வாங்கிய முருங்கைக்காய் என் கழுத்தில் குத்தும். இடிப்பது நீ, திட்டு எனக்கு. "குட்டணும்னா வீட்லயே குட்டுங்களேன், ரேஸ் கோர்ஸ் ரோட்டுல வச்சு எதுக்கு?" என்பாய்.

அந்தக் குறையைத் தீர்த்துவிட்டேன். முன்சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு குழாய்கள் நிற்கின்றன அல்லவா, அதைத்தான் ஃபோர்க் என்பார்கள். உள்ளே நீண்ட ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். பாரம் தாங்குவதும் குலுக்கலை விழுங்குவதும் அவைதான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிறகு உபி வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ரவூப்பிடம் போனேன். பழைய எண்ணெயை இறக்கினான். பால் விடாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக வந்தது. இத்தனை வருடம் அதன்மேல்தான் நாம் இருவரும் மிதந்திருக்கிறோம்.

புது ஸ்பிரிங்கை எடுக்குமுன், "உங்க வெயிட் எவ்வளவு அங்கிள்?" என்று கேட்டான். நம் இருவர் எடையையும் கூட்டிச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஆன்ட்டி பெர்த்துலதான இருக்காங்க? தனியா ஓட்டினா இது ரொம்ப ஹார்டு லா. பின்னாடி உக்கார்றவங்க வெயிட்டு பின்னாடிதான் அங்கிள் போகும்" என்றான். பிரேக் பிடிக்கும்போது எங்கே போகும் என்று கேட்டேன். "முன்னாடி" என்றான். அப்படியானால் நான் கேட்டதையே போடு என்றேன். வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு போட்டான்.

அவன் சொன்னது நடந்தது. தனியாகப் போகும்போது முன்பக்கம் விறைத்து நிற்கிறது. சாக்கடை மூடி ஒவ்வொன்றும் மணிக்கட்டில் வந்து சேர்கிறது. மகளிடம் சொல்லாதே. ரவூப் பார்க்கும்போதெல்லாம், "சாஃப்டானதா மாத்திடலாமா?" என்கிறான். மாட்டேன் என்கிறேன்.

இன்று விடியலில் பொன்னி அரிசி மூட்டையை உனக்குப் பதிலாகப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு மண்டாய் சாலைப் பக்கம் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரு பக்க மரங்களும் மேலே கைகோத்து நின்றன. சாலை தெரியவில்லை, அதன் பளபளப்பு மட்டும் தெரிந்தது. பின்னால் பாரம் ஏறியதும் வண்டி தன் நிலைக்கு வந்துவிட்டது. வளைவில் நான் திருப்பவில்லை, திரும்ப வேண்டும் என்று நினைத்தேன், அது திரும்பியது. பள்ளங்கள் தூரத்தில் யாருக்கோ நடப்பது போல அடியில் கடந்து போயின. பனிக்குள் சாலையே என்னை நோக்கி மிதந்து வந்தது. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாத ஒரு சுகம். முதுகில் சூடாக ஏதோ சாய்ந்திருந்தது. "பார்த்தாயா?" என்று கேட்டேன். அரிசி மூட்டை பதில் சொல்லவில்லை.

சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்தேன். தலை குனியவில்லை. தண்ணீர்க் குடம் இறக்கி வைத்த மாதிரி நின்றது. நீ கேட்டது அதுதான். நான் செய்துவிட்டேன். இனி உன் சொல்லுக்கு நீ பொறுப்பு.

பெர்த்துக்கு நான் வர மாட்டேன். அதில் மாற்றமில்லை. நீ அங்கேயே இருக்க விரும்பினால் அதை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், மகள் வாயால் அல்ல.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். விளக்கு பச்சையாகியும் நான் கிளம்பவில்லை. பின்னால் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். எதற்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த 'டொக்' வரவில்லை. அது வராமல் வண்டி நின்றதாகவே எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஸ்பிரிங்குகளை எறியவில்லை. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ வந்து உட்கார்ந்து பார். இடித்தால் பரவாயில்லை, பழையதே போதும் என்று நீ சொன்னால், ரவூப் உடனே மாற்றித் தந்துவிடுவான். நான் எதுவும் பேச மாட்டேன்.

ரித்திக்குக்கு என் ஆசிகள். நன்றாகத் தூங்கட்டும். அவன் தூங்கினால்தான் உனக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். உன் ஹெல்மெட்டின் உள்பஞ்சைத் துவைத்து வராந்தாவில் காயப் போட்டிருக்கிறேன்.

பின் சீட்டைத் துடைத்து வைத்திருக்கும்
முத்துராமன்